உன் இஷ்டம்

கலியமூர்த்தியிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் அதைத் தெரு முழுக்கச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில், சாரம் பகுதியில் அவர்கள் குடியிருந்த தெரு அப்படி. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் இருமுவார்கள். "ஏங்க, வெந்நி போட்டு வெச்சிருக்கேன்" என்று சந்திரகலா குரலை உயர்த்தினால், எதிர்வீட்டு டெம்போக்காரன் பாவாடை தன் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "நான் குளிச்சிட்டேன் அண்ணி, அண்ணன குளிக்கச் சொல்லுங்க" என்பான்.

வெந்நீரைக் கத்திச் சொல்லலாம். சோறு ஆயிற்று என்பதைக் கத்திச் சொல்லலாம். நேற்று நீங்கள் சொன்ன சொல் இன்னும் நெஞ்சில் நிற்கிறது என்பதை யார் கத்திச் சொல்வது? முதுகு நோகிறது, கொஞ்சம் தைலம் தேய்த்துவிடுங்கள் என்பதைக்கூடத் தெருவுக்குக் கேட்கச் சொல்ல முடியாது. அப்படிக் கத்த முடியாத பேச்செல்லாம் ஒவ்வொன்றாக அந்த வீட்டிலிருந்து உதிர்ந்துபோனது. கடைசியில் சோறும் வெந்நீரும்தான் மிஞ்சின.

காது போனது மில்லில். ஊரில் பஞ்சு மில் ஓடிய காலத்தில் கலியமூர்த்தி தறிக் கூடத்தில் நின்றார். சந்திரகலா பக்கத்துக் கூடத்தில் கோனில் நூல் சுற்றினாள். இரண்டு கூடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கூவினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாருக்கும் வாயசைவும் கைச்சாடையும்தான் பாஷை. இரண்டு ஆள்காட்டி விரல்களை ஒட்டிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தால் முடிச்சுப் போடு. உச்சந்தலையைத் தடவினால் வழுக்கைத் தலை சூப்பர்வைசர் வருகிறார். உள்ளங்கைகளைத் தட்டித் துடைத்தால் ஷிப்ட் முடிந்தது.

ஒருநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கலியமூர்த்தி முடிச்சுப் போடு என்று காட்டினார். சந்திரகலா தன் வரிசையில் எங்கே நூல் அறுந்தது என்று தேடினாள். அறுந்த நூல் ஒன்றும் இல்லை. மறுபடியும் காட்டினார், மறுபடியும் தேடினாள். மூன்றாவது தடவை காட்டியபோது பக்கத்து மிஷின் பாக்கியலட்சுமி விழுந்து விழுந்து சிரித்து, "அடியே, அவரு நூலுக்கா சொல்றாரு? மூணு முடிச்சிடி!" என்று வாயசைத்தாள். சந்திரகலாவின் கையிலிருந்த கோன் உருண்டு ஓடியது.

அப்படி வந்த கல்யாணம். பிறகு மில்லை மூடினார்கள். ஊரில் எத்தனையோ பேர் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டார்கள். சந்திரகலா வீட்டு வாசலில் காலை ஆப்பக் கடை போட்டாள். ஆப்பம், தேங்காய்ப்பால், வடகறி. கலியமூர்த்தி மாவாட்டுவார், பரிமாறுவார். ஆப்பம் கேட்டவருக்கு வடகறி போகும், வடகறி கேட்டவருக்குத் தண்ணீர் போகும். சந்திரகலா சட்டியின் முன்னால் உட்கார்ந்தபடியே பழைய பழக்கத்தில் கையால் காட்டினாள்: இந்த அண்ணனுக்கு ரெண்டு, அந்தப் புள்ளைக்குப் பால். வேலை பட்டுக் கத்தரித்தாற்போல் நடந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன்கள் நாலு பேர் அதைப் பார்த்து, "மச்சி, ஊமைக் கடை சூப்பர்டா" என்று தாங்களும் கையை ஆட்டிக் காட்டினார்கள்.

அது மட்டும் கலியமூர்த்திக்கு எப்படியோ விளங்கிவிட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "என்னய ஊமைன்னு ஊருக்கே காட்டிக் குடுக்கறியா? இனிமே எங்கிட்ட கைய ஆட்டாத" என்றார். அதோடு கடைக்கு வருவதை விட்டார். நகரத்தில் பிரெஞ்சுக்காரர் தெருப் பக்கம், பிரான்சில் இருக்கும் ஒரு சொல்தா குடும்பத்தின் பூட்டிய வீட்டுக்குக் காவலாளாகப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இந்த ஊரில் சொல்தா என்பது வழக்கம். வருஷத்துக்கு ஒருதரம் வருவார்கள். மற்ற நாளில் அங்கே செடிகளும் ஒரு கிணறும்தான். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

விடிகாலையில் மாவாட்டிக் கொடுப்பதை மட்டும் விடவில்லை. அந்த மாவாட்டும் நேரத்தில்தான் சந்திரகலா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மகள் கவிநிலா ஒரகடத்தில் இருந்தாள். மாப்பிள்ளை செம்மலுக்கு அங்கே கார் கம்பெனியில் வேலை. தலைப்பிரசவம் இங்கேதான் ஆயிற்று, குழந்தை அபியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவளுக்கு லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டும். "அம்மா, அபி ஸ்கூலு போற வரைக்கும் நீயும் அப்பாவும் இங்கயே வந்துடுங்களேன்" என்று போனில் அழாத குறை.

சந்திரகலா இரண்டு நாள் வாயில் வைத்து மென்றுவிட்டு, கிரைண்டர் பக்கத்தில் நின்று கேட்டாள். "ஏங்க, கவி நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்றா. நீங்களும் வர்றீங்களா, இல்ல நான் ஒண்டி போய் இருந்துடட்டா?"

கலியமூர்த்தி மாவை வழித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னார்: "உன் இஷ்டம்."

அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் ஒன்றாக வாழ்ந்தவள் போகட்டுமா என்று கேட்கிறாள், உன் இஷ்டமாம். கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. சந்திரகலா மறுபடியும் கேட்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி, "நான் போனா உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?" என்று அவள் எப்படிக் கேட்பாள்? மகளுக்குப் போன் செய்து, "நான் மட்டும் வர்றேன்டி, அப்பாவுக்கு இங்க வேலை இருக்கு" என்றாள்.

அந்த நேரத்தில்தான் செம்மல் ரேஸ் டிக்கெட் வாங்கியிருந்தான். இருங்காட்டுக்கோட்டையில் தேசிய அளவிலான கார் ரேஸ், கடைசிச் சுற்று. தானும் கவிநிலாவும் போவதாகத்தான் எண்ணம். கைக்குழந்தைக்கு அந்தச் சத்தம் ஆகாது என்று அவள் பின்வாங்கிவிட்டாள். "அத்த, நீங்க எப்பிடியும் ஞாயித்துக்கெழம வர்றீங்க. மாமாவும் வரட்டும். ஒருநாள் ரேஸ் பாத்துட்டு அவரு ஊருக்குப் போகட்டும்" என்றான். கலியமூர்த்தியிடம் பாவாடைதான் போய்க் கத்தினான். "அண்ண! காரு ரேஸு! மாப்ள கூப்புடுறாரு!" அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஞாயிறு விடியுமுன்னே சந்திரகலா வைத்திக்குப்பத்துக்குப் போய், படகு வந்ததும் பால்சுறா வாங்கி வந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும். அவித்து, உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டாக்கித் தூக்கில் அடைத்தாள். வழிக்கு இன்னொரு தூக்கில் புளிசோறு, நெத்திலிக் கருவாட்டு வறுவல். துணிமணி அடைத்த பெரிய பையைக் கலியமூர்த்தி தூக்கிக்கொண்டார். பையைத் தூக்கிப் பார்த்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பத்து நாளைக்குப் போகிறவள் பை இவ்வளவு கனக்காது.

டெம்போவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்ட பாவாடை, "அண்ணி, ஒரேடியா போறீங்களாமே. ஆப்பத்துக்கு நாங்க எங்க போவோம்?" என்றான்.

"ஒங்க அண்ணன் சுடுவாரு, போய்த் தின்னு."

"அவருகிட்ட ஆப்பம் கேட்டா கோலப்பொடி குடுப்பாரு அண்ணி."

அவள் சிரிக்க நினைத்தாள். வரவில்லை.

பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும்வரை இருவரும் வெளியே பார்த்துக்கொண்டே போனார்கள். ஜன்னலோரம் அவளுக்கு விட்டு அவர் வெயில் பக்கம் உட்கார்ந்திருந்தார். பையைக் காலுக்கடியில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் செம்மல் காரோடு காத்திருந்தான்.

"வாங்க மாமா, வாங்க அத்த. சாப்ட்டீங்களா?"

"அங்க போயி சாப்ட்டுக்கலாம் மாப்ள. கவி என்னா பண்றா? பாப்பா பால் குடிக்கறாளா?"

"குடிக்கறா, கடிக்கறா, எல்லாம் பண்றா."

ரேஸ் நடக்கும் இடத்துக்கு நெருங்கும்போதே ஆவணி வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கூட்டம் என்றால் திருவிழாக் கூட்டம் இல்லை, முக்கால்வாசி இளவட்டம். கம்பெனிப் பெயர் போட்ட தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்தார்கள். மூவரும் சிமெண்ட் படிக்கட்டுகளில் ஏறி உட்கார்ந்தார்கள். பெரிய பையைக் காரில் விடாமல் கலியமூர்த்தி கூடவே தூக்கி வந்திருந்தார். கீழே வெறும் தார் ரோடு. அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக ஷெட்டுகள், ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு காரைச் சுற்றிப் பத்துப் பேர். படிக்கட்டு கொதித்தது. சந்திரகலா முந்தானையை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். தூக்கைத் திறந்ததும் கருவாட்டு வாசனை நாலு படிக்குப் போயிற்று. முன்னால் இருந்த பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"வேணுமா தம்பி?" என்றாள்.

"குடுங்க ஆன்ட்டி" என்று அவன் கையையே நீட்டிவிட்டான். அவனோடு வந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று.

சாப்பிட்டு முடித்ததும் செம்மல் சட்டைப் பையிலிருந்து காதில் அடைக்கும் மிருதுவான பஞ்சு உருளைகளை எடுத்தான். "காதுல வெச்சிக்குங்க. ஸ்டார்ட் ஆச்சின்னா தாங்காது." அவளுக்குக் கொடுத்தான், தானும் வைத்துக்கொண்டான், மாமனாரிடம் நீட்டினான். கலியமூர்த்தி அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு மாப்ள? கடவுளே வெச்சி அனுப்பிட்டான்."

சந்திரகலா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். தன் காதைப்பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை.

கார்கள் வந்து கோட்டில் நின்றன. தரையோடு படுத்த மாதிரி ஒல்லிக் கார்கள், சக்கரம் வெளியே, ஓட்டுகிறவன் தலை மட்டும் தெரிந்தது. சிவப்பு விளக்குகள் எரிந்தன. எல்லாம் ஒன்றாக அணைந்ததும் எழுந்த சத்தம் முதலில் படிக்கட்டில் ஏறி, இடுப்பில் ஏறி, பிறகுதான் காதுக்கு வந்தது. பஞ்சையும் மீறி மண்டைக்குள் நுழைந்தது. செம்மல் அவள் காதருகே குனிந்து ஏதோ கத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் கருவாடு தின்ற பையன் நண்பனிடம் கத்தினான், நண்பன் காதைக் காட்டிக் கையை விரித்தான். ஒரு கார் போய் மறைவதற்குள் அடுத்தது வந்தது. ஸ்பீக்கரில் யாரோ ஒருவர் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார் என்பது, கம்பத்தில் அது அதிர்வதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அத்தனை பேரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

சந்திரகலாவுக்கு இந்தச் சத்தம் புதிதில்லை. உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. தோள் தானாகத் தளர்ந்தது.

கலியமூர்த்தி கார்களைப் பார்க்கவில்லை. ரோட்டோரம் ஒரு மேடையில் நின்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் கொடிகள். எதிர்ப் பக்கம் ஷெட்டிலிருந்து ஓர் ஆள் சுவருக்கு வெளியே சாய்ந்து, பறந்துவரும் தங்கள் காருக்குச் சேதி எழுதிய ஒரு போர்டைத் தூக்கிக் காட்டினான். கார் போனதும் அதை மாற்றி எழுதி, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தான். கலியமூர்த்தி அந்த ஆளையும் கொடிக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாகச் சந்திரகலா பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் வளைவில் ஒரு கார் பம்பரமாகச் சுற்றி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு புல்லில் போய் நின்றது. கூட்டமே எழுந்தது. சந்திரகலா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். மஞ்சள் கொடி படபடவென்று ஆடியது. ஓட்டியவன் உள்ளேயிருந்து ஏறி வெளியே வந்து, ஹெல்மெட்டோடு தன் காரையே இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். அடி ஒன்றும் இல்லை.

கலியமூர்த்தி இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒட்டி வைத்துப் பிரித்தார்.

நூல் அறுந்துவிட்டது.

சந்திரகலாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள், பாதியில் நிறுத்தினாள். "ஆட்டட்டா? நீதான் ஆட்டாதன்ன" என்று வாயசைத்தாள். கைப்பேச்சில் நீ, நீங்க என்ற வித்தியாசம் கிடையாது. மில்லில் அவர் அவளுக்கு நீதான்.

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "இங்க எல்லாரும் செவிடுதான். ஆட்டு" என்றார், சத்தமில்லாமல்.

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாததை எல்லாம் பேசினார்கள். அந்தப் போர்டுக்காரனைப் பார், நம்ம சூப்பர்வைசர் வழுக்கை. முன்னால் இருக்கும் பையன் நம் கருவாட்டை இன்னும் விரலில் நக்குகிறான். மாப்பிள்ளை ஒன்றும் விளங்காமல் முழிக்கிறார். செம்மல் உண்மையில் முழித்துக்கொண்டுதான் இருந்தான். அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன், தன் மூக்குக்கு முன்னால் கைகள் பறப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

நெருங்கி உட்கார்ந்ததும் கலியமூர்த்தி காலடியில் இருந்த பெரிய பையைக் காட்டினார். உள்ளங்கைகளைத் தட்டித் துடைத்தார். "ஷிப்ட் எப்ப முடியும்? எப்ப திரும்புவ?"

அவள் முகம் மாறியது. "அத இப்ப கேக்கற? அன்னிக்கே கேட்டேனே."

"என்னா கேட்ட?"

"நீயும் வர்றியா, நான் ஒண்டி போவட்டான்னு. கிரைண்டர்கிட்ட. உன் இஷ்டம்னு சொன்னியே."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருப்பிச் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, கையும் வாயுமாக. கவி, நம்ம ரெண்டு பேர, வரச் சொல்றா.

"ரெண்டு பேரயுமா?"

"ரெண்டு பேரயும்தான்."

கலியமூர்த்தி கைகளை மடியில் போட்டார். சத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. பிறகு ஒரு கையை மட்டும் தூக்கி, ஆள்காட்டி விரலால் தன் காதைத் தொட்டு, விரித்துக் காட்டினார். "எனக்கு விழல கலா. நீ என்னவோ கேட்ட. வாயப் பாக்கறதுக்குள்ள முடிச்சிட்ட. மாவுக்கு உப்பு போடட்டான்னு கேட்டன்னு நெனச்சேன்."

"உப்பா?"

"யாரு என்னா கேட்டாலும் அதான் சொல்லுவேன். தப்பே வராது. அந்தச் சொல்தா வீட்டு அம்மா ஏதோ பிரெஞ்சுல கேட்டாங்க. உங்க இஷ்டம்மான்னேன். மெர்சின்னு நன்றி சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பதா, அவர் தலையில் ஒரு குட்டு வைப்பதா என்று தெரியவில்லை. ஒரு மாதமாக அவள் மனசில் சுமந்தது வெறும் உப்பா?

"நீ ஒரேடியா போறன்னு பாவாடை சொன்னான்" என்றார் அவர். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம முடிவு பண்ணிட்ட, செவிடனோட இருந்து சலிச்சிப் போச்சின்னு நெனச்சேன். போறவளத் தடுக்கக் கூடாதுன்னுதான் பையத் தூக்கினேன்."

"சலிச்சிருந்தா என்னிக்கோ போயிருப்பேன்."

"அப்ப கத்திக் கேட்ருக்கலாம்ல."

"எதக் கத்தறது? பாவாட பதில் சொல்லவா?"

அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் அவள் நினைத்தாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபோதுதான் இல்லையென்று தெரிந்தது. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரம் பேர் நடுவில், யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் கார் இருந்தது.

"அங்க வந்து நான் என்னா பண்ணுவேன்?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

"அபிக்கு இன்னும் பேச்சு வரல. உனக்குக் கேக்கல. ரெண்டு பேருக்கும் சரியா இருக்கும்."

"நக்கலு."

"அவ பசிக்கு அழுதா நான் பாத்துக்கறேன். நீ தூக்கி வெச்சிக்கோ, அது போதும். ஒரகடத்துல ஆப்பம் சுட்டா வாங்கமாட்டானா? கம்பெனி வாசல்ல பெஞ்சு போட்டா போதும். இந்தத் தடவ நான் கையக் காட்டுவேன். எவனாவது ஊமைக் கடைன்னா, ஆமான்னு சொல்லி ஒரு ஆப்பம் கூட வெப்பேன். உனக்குச் சம்மதமா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். கொடிக்காரர் இப்போது கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை வீசிக்கொண்டிருந்தார். யாரோ ஜெயித்துவிட்டார்கள். யார் என்று இருவரும் பார்க்கவில்லை. கார்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்தத் திடீர் அமைதியில் காது ங்ஙென்று கூவியது.

செம்மல் பஞ்சை எடுத்துவிட்டு வந்தான். "எப்பிடி இருந்திச்சி மாமா? கடைசி லேப்பு பாத்தீங்களா? செம ஓவர்டேக்கு!"

கலியமூர்த்தி அவன் உதட்டைக் கவனமாகப் பார்த்தார். "நல்லாப் பேச முடிஞ்சிது மாப்ள" என்றார்.

செம்மல் ஒன்றும் புரியாமல் மாமியாரைப் பார்த்தான். சந்திரகலா தூக்கை மூடிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, பாப்பா காத்துட்டிருப்பா."

கலியமூர்த்தி அன்றைக்கே திரும்ப வேண்டியிருந்தது. சொல்தா வீட்டுச் சாவியை அவர்களுடைய சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், வேறு ஆள் வரும்வரை செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். ஒரகடம் போய்ப் பேத்தியைத் தூக்கி, தாடியை அவள் இழுக்கக் கொடுத்து, மகள் ஊட்டாத குறையாகக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பொழுது சாயுமுன் கிளாம்பாக்கம் வந்தார்கள். வழியனுப்ப வந்த சந்திரகலா பஸ்ஸுக்குக் கீழே நின்றாள். புதுச்சேரி பஸ் ஏசி பஸ். திறக்காத கண்ணாடி. உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் "என்னா? கேக்கல! போன் பண்றேன்!" என்று ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு பெண் காதில் போனை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு உள்ளே போனோடு இருந்த கணவனிடம், "ஹலோ, ஹலோ, லைன் கெடைக்கல" என்றாள்.

கலியமூர்த்தி கண்ணாடிப் பக்கம் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஆட்கள். முன் சீட்டில் ஒருவர் அவரையே பார்த்தார். அவர் கையைத் தூக்கினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்.

போனோடு நின்ற பெண் திரும்பி, "அவருக்கு என்னாக்கா ஆச்சி?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. நூலு அறுந்துபோச்சி. முடிச்சி போடச் சொல்றாரு" என்றாள் சந்திரகலா. முகம் சூடாவது அவளுக்கே தெரிந்தது.

பஸ் உறுமியது. அவர் அவசரமாகக் கண்ணாடியைத் தட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துக் காட்டினார். "வரும்போது ஆப்பச் சட்டி எடுத்தாரட்டா? பெரிசா, சின்னதா?"

சந்திரகலா ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல் நின்றாள். பிறகு உதடுகளை அகலப் பிரித்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"உன் இஷ்டம்."

பஸ் நகர்ந்தது. கலியமூர்த்தி கண்ணாடிக்கு உள்ளே காதோரம் கையைக் குவித்து, "என்னாது, கேக்கல" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனார். முகமெல்லாம் சிரிப்பு.